டபுள்: சவாலாகப் பிறந்து கேள்வியாக வளர்ந்த ஒரு சொல்



போன வாரம் பெங்களூரில் இருக்கும் பழைய மாணவர் ஒருவர் ஒரு கேள்வி அனுப்பியிருந்தார். "சார், எங்கள் குடியிருப்பில் பிரிட்ஜ் சொல்லித் தருகிறார்கள். எதிராளி 'ஒரு ஆட்டின்' என்று கேட்டார். என் பார்ட்னர் 'டபுள்' என்றார். எதிராளியைத் தோற்கடிக்கப் போகிறார் என்று நினைத்து நான் 'பாஸ்' சொல்லிவிட்டேன். ஆட்டம் முடிந்ததும் பார்ட்னருக்கு ஒரே கோபம். டபுள் என்றால் எதிராளிக்குச் சவால்தானே? இதில் நான் செய்த தப்பு என்ன?"

அதற்குக் கீழேயே என் மைத்துனர் எழுதியிருந்தார்: "வாத்தியார் ரிட்டையர் ஆனதும் சீட்டுக்கட்டைக் கையில் எடுத்துவிட்டாரா?"

இரண்டு பேருக்கும் தனித்தனியாகப் பதில் எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன். எழுத எழுத இரண்டு கேள்விக்கும் ஒரே பதில்தான் என்று தெரிந்தது. அது கொஞ்சம் நீளமான பதில். 'டபுள்' என்ற அந்த ஒற்றைச் சொல்லின் நூறு வருடச் சரித்திரம் அது. பொறுமையாகப் படியுங்கள். சீட்டே தொடாதவர்களுக்கும் புரியும்படி எழுதியிருக்கிறேன்.

முதலில் ஏலத்திலிருந்து தொடங்குவோம். நம் கடற்கரைப் பிள்ளைகளுக்கு ஏலம் சொல்லித்தர வேண்டியதில்லை. படகு கரைக்கு வந்ததும் மீனுக்கு ஏலம். ஊரில் குளத்து மீன், தென்னை, புளியமரம், கோயில் நிலத்துக் குத்தகை எல்லாவற்றுக்கும் ஏலம். 'ஏலம்' என்ற சொல்லே போர்த்துகீசியரோடு கடல் வழியாக வந்த சொல் என்று அகராதிகள் சொல்லும். ஆனால் அதோடு நாம் சேர்த்துக்கொண்ட வினைச்சொல்லைக் கவனித்திருக்கிறீர்களா? நாம் ஏலம் 'கேட்கிறோம்'. "நூறு கேட்டான், நான் நூற்றைம்பது கேட்டேன்" என்கிறோம். விலை சொல்வதையே கேட்பது என்கிறது தமிழ். இந்தப் பதிவின் கடைசி வரைக்கும் இந்த வினைச்சொல்லை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

பிரிட்ஜ் ஆட்டமும் ஏலத்தில்தான் தொடங்குகிறது. நான்கு பேர். எதிரெதிரே உட்கார்ந்திருக்கும் இருவர் ஒரு கட்சி. 52 சீட்டும் ஆளுக்கு 13 ஆகப் பங்கிடப்படும். சுற்றுக்கு நான்கு சீட்டு விழும்; அதில் பெரியது போட்டவருக்கு அந்தப் பிடி. ஆக மொத்தம் 13 பிடி. ஏலத்தில் என்ன கேட்கிறார்கள்? "இந்தச் சீட்டைத் துருப்பாக வைத்தால் என் கட்சி இத்தனை பிடி எடுக்கும்" என்று பொறுப்பேற்கிறார்கள். முதல் ஆறு பிடி கணக்கில் வராது. 'ஒரு ஆட்டின்' என்றால் ஆட்டின் துருப்பு, ஏழு பிடி. 'நாலு இஸ்பேட்' என்றால் இஸ்பேட் துருப்பு, பத்துப் பிடி. அடுத்தவர் அதற்கு மேலே கேட்கலாம், அல்லது பாஸ் சொல்லலாம். ஒருவர் கேட்டபின் அடுத்த மூன்று பேரும் வரிசையாகப் பாஸ் சொன்னால் ஏலம் முடிந்தது. நம் ஊர் ஏலக்காரர் "ஒரு தரம், ரெண்டு தரம், மூணு தரம்" என்று சொல்வது போலத்தான்.

கிளாவர், டைமன், ஆட்டின், இஸ்பேட், துருப்பில்லாத ஆட்டம் என்று ஐந்து வகை. ஒன்று முதல் ஏழு வரை ஏழு படி. ஆக 35 கேட்புகள். அதோடு பாஸ், டபுள், ரீடபுள். மொத்தம் 38 சொல். பிரிட்ஜ் ஏலத்தின் முழு அகராதியும் இவ்வளவுதான். ஆனால் ஒருவர் கைக்கு வரக்கூடிய 13 சீட்டுக் கோவைகள் எத்தனை தெரியுமா? 63,501 கோடிக்கும் மேல். இத்தனை கோடிக் கைகளை 38 சொல்லில் பார்ட்னருக்கு விளக்க வேண்டும். சைகை கூடாது, முகபாவம் கூடாது, வேறு ஒரு வார்த்தை கூடாது. ஆகவே ஒரு சொல் வீணாகக் கிடந்தாலும் ஆட்டக்காரனுக்கு நஷ்டம். டபுளின் கதையே இந்த நெருக்கடியிலிருந்து பிறந்ததுதான்.

நம்மில் பலர் பிரிட்ஜ் ஆடியதில்லை. ஆனால் 28 ஆடியிருப்பீர்கள். ஆசிரியர் பயிற்சி விடுதியில் ஞாயிற்றுக்கிழமை மழை பெய்தால் எங்களுக்கு 28தான். ஜாக்கிக்கு 3, ஒன்பதுக்கு 2, ஏஸுக்கும் பத்துக்கும் ஒவ்வொன்று. ஒரு வகைக்கு 7, நான்கு வகைக்கு 28. இலங்கைத் தமிழர் வீடுகளில் இதன் அண்ணன் 304. அதில் ஜாக்கிக்கு 30, ஒன்பதுக்கு 20, ஏஸுக்கு 11, பத்துக்கு 10, ராஜாவுக்கு 3, ராணிக்கு 2. கூட்டினால் 76, நான்கு மடங்கு 304. கணக்கு வாத்தியார் இல்லாத குறையை இந்த ஆட்டங்கள் தீர்த்துவைத்தன என்று வேடிக்கையாகச் சொல்வேன்.

ஜாக்கியும் ஒன்பதும் எல்லாவற்றுக்கும் மேலே உட்காரும் இந்த வினோத வரிசை டச்சுக்காரர்களின் கிளாவர்யாஸ் ஆட்டத்திலும், பிரெஞ்சுக்காரர்களின் பெலோத் ஆட்டத்திலும் துருப்புச் சீட்டுக்கு உண்டு. நாம் சொல்லும் 'கிளாவர்' டச்சு மொழியிலும் அதே சீட்டுக்கு அதே பெயர். நாகப்பட்டினம் 1658 முதல் 1781 வரை டச்சுக்காரர்கள் கையில் இருந்தது. காரைக்கால் 1739 முதல் 1954 வரை பிரெஞ்சுக்காரர்கள் கையில். நம் கரைக்குக் கப்பல் வழியாக வந்தவற்றில் சீட்டுக்கட்டும் ஒன்று.

28இல் நாங்கள் டபுள் போட்டது எதற்கு? எதிர்க்கட்சி 20 கேட்டு எடுத்தால், "உன்னால் முடியாது, பந்தயம் இரட்டிப்பு" என்று சொல்வதற்கு. அவன் தைரியசாலியாக இருந்தால் "ரீடபுள்" என்பான். நெஞ்சைத் தட்டிச் சொல்லும் சொல் அது. பிரெஞ்சு இராணுவத்திலிருந்து பென்ஷன் வாங்கி வந்த நம் பக்கத்துப் பெரியவர்கள் டபுள் என்று சொல்ல மாட்டார்கள், 'கோந்த்ர்' என்பார்கள். 'எதிர்' என்று அர்த்தம். ரீடபுளுக்குச் 'சுர்கோந்த்ர்', எதிருக்கும் மேலே எதிர். ஆங்கிலச் சொல் பணத்தைப் பேசுகிறது, பிரெஞ்சுச் சொல் சண்டையைப் பேசுகிறது. எப்படிப் பார்த்தாலும் அது எதிராளியின் முகத்தைப் பார்த்துச் சொல்லும் சொல். பெங்களூர்த் தம்பி அப்படிப் புரிந்துகொண்டதில் ஆச்சரியமே இல்லை. தொடக்கத்தில் உலகம் முழுவதும் அப்படித்தான் புரிந்துகொண்டது.

இப்போது சரித்திரத்துக்கு வருவோம். பிரிட்ஜுக்கு முந்தைய ஆட்டம் விஸ்ட். அதில் ஏலமே கிடையாது. கடைசியாகப் பங்கிடும் சீட்டைத் திருப்பிக் காட்டினால் அதுதான் துருப்பு. 1886இல் லண்டனில் ஜான் கொலின்சன் என்பவர் நான்கு பக்கச் சிறு பிரசுரம் ஒன்று வெளியிட்டார். 'பிரிச், அல்லது ரஷ்ய விஸ்ட்' என்று அதற்குப் பெயர். அதில் சீட்டுப் போட்டவரோ அவர் பார்ட்னரோ துருப்பைத் தேர்ந்தெடுக்கலாம். எதிர்க்கட்சிக்குத் துருப்பில் வாய் திறக்க உரிமை இல்லை. அவர்களுக்கு இருந்த ஒரே ஆயுதம் டபுள். 1890களில் இந்த ஆட்டம் 'பிரிட்ஜ்' என்ற பெயரில் லண்டன் கிளப்புகளில் பரவியது. இஸ்பேட் பிடி ஒன்றுக்கு 2 புள்ளி, துருப்பில்லாத ஆட்டத்துக்கு 12 புள்ளி. டபுள் போட்டால் இரு மடங்கு. ரீடபுள் போட்டால் நான்கு மடங்கு. அதோடு நிற்காது. மீண்டும் அவர், மீண்டும் இவர் என்று எட்டு, பதினாறு, முப்பத்திரண்டு மடங்காக ஏறிக்கொண்டே போகலாம். சதுரங்கப் பலகையில் நெல்மணி வைத்த கதையை வகுப்பில் உங்களுக்குச் சொல்லியிருக்கிறேன். அதே கணக்குதான். காசு வைத்து ஆடுபவர் மேசையில் அந்த ஏணி எங்கே கொண்டுபோய் விடும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. டபுள் அன்றைக்குச் சூதாட்டத்தின் சொல். என் மைத்துனரின் பயம் நியாயமானது என்று இந்த இடத்தில் ஒப்புக்கொள்கிறேன்.

அடுத்த படி நம் நாட்டில் நடந்தது. பிரிட்ஜ் வரலாற்று நூல்களில் வழிவழியாகச் சொல்லப்படும் கதை இது. இந்தியாவில் ஒரு தனித்த மலைவாசத் தலத்தில் வெள்ளைக்கார அதிகாரிகள் மூன்று பேர் இருந்தார்கள். நான்காவது ஆள் கிடைக்கவில்லை. நான்காவது கையை யாருக்குக் கொடுப்பது? ஏலம் போட்டார்கள். அதிகப் பிடிக்குப் பொறுப்பேற்பவருக்கு அந்தக் கை. 'ஜான் டோ' என்ற புனைபெயரில் ஒருவர் இந்த மூவர் ஆட்டத்தைப் பற்றி எழுதிய நூல் அலகாபாத்தில் அச்சானது. 1903 ஜனவரியில் லண்டன் 'டைம்ஸ்' பத்திரிகைக்கு வந்த ஒரு கடிதமும் ஏல பிரிட்ஜைப் பற்றிப் பேசுகிறது. சில ஆண்டுகளில் நால்வர் ஆட்டத்துக்கும் ஏலம் வந்துவிட்டது. அதுவரை வாயடைத்து உட்கார்ந்திருந்த எதிர்க்கட்சிக்கு இப்போது வாய் கிடைத்தது. "நீ ஆட்டின் கேட்டாயா, நான் இஸ்பேட் கேட்கிறேன்" என்று போட்டிபோட முடிந்தது. ஆங்கிலத்தில் இதைப் போட்டி ஏலம் என்பார்கள்.

போட்டி ஏலம் வந்ததும் டபுளின் கணக்கு மாறியது. இன்றைய புள்ளி முறையில் ஒரு உதாரணம் போடுகிறேன், தாளும் பேனாவும் எடுத்துக்கொள்ளுங்கள். எதிராளி 'இரண்டு இஸ்பேட்' கேட்கிறார். எட்டுப் பிடி எடுத்துவிட்டால் அவருக்கு 110 புள்ளி. ஒரு பிடி குறைந்தால் நமக்கு 50. இப்போது நாம் டபுள் போடுகிறோம். அவர் ஒரு பிடி குறைந்தால் நமக்கு 100. ஆனால் எட்டுப் பிடி எடுத்துவிட்டால் அவருக்கு 470! ஏன் இந்தத் தாவல்? டபுளில் பிடிக்கான புள்ளி 60 என்பது 120 ஆகிறது. 100ஐத் தாண்டினால் 'கேம்' என்று அர்த்தம், அதற்கு 300 வெகுமதி, டபுளை மீறி எடுத்ததற்கு இன்னும் 50. வரவு கூடுவது 50, செலவு கூடுவது 360. இப்படி ஒரு வியாபாரத்தை நம் மீன் ஏலக்காரர் யாராவது செய்வாரா?

அதாவது, கீழ்ப் படியில் எதிராளி கேட்கும்போது "உன்னால் முடியாது" என்று சொல்வதற்கு டபுள் ஏறக்குறைய உதவாத சொல். அவர் ஏழு பிடி, எட்டுப் பிடி எடுக்க மாட்டார் என்று நிச்சயம் சொல்லும் கை எப்போதாவதுதான் வரும். அன்றைய ஏல பிரிட்ஜின் புள்ளிகள் வேறு, ஆனால் நிலைமை இதேதான். 38 சொல் கொண்ட அகராதியில் ஒரு சொல் தூசி படிந்து கிடந்தது.

1912ஐ ஒட்டி அமெரிக்காவில் இரண்டு பேர் அந்தத் தூசியைத் தட்டினார்கள். நியூயார்க்கில் சார்லஸ் பேட்டன், செயின்ட் லூயிஸ் நகரில் பிரையன்ட் மெக்கேம்பல். ஒருவரைப் பார்த்து ஒருவர் செய்ததில்லை, தனித்தனியாகத் தோன்றிய யோசனை. எதிராளி 'ஒரு ஆட்டின்' கேட்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். என் கையில் ஆட்டின் ஒன்றே ஒன்று, மற்ற மூன்று வகையிலும் நான்கு நான்கு சீட்டு, ராஜாவும் ஏஸும் சேர்ந்த நல்ல கை. மூன்றில் எதைத் துருப்பாகக் கேட்பது? நான் ஒன்றைக் குத்துமதிப்பாகச் சொன்னால் அது பார்ட்னரிடம் இல்லாததாக இருக்கலாம். அப்போது நான் 'டபுள்' என்கிறேன். அதன் அர்த்தம்: "பார்ட்னர், என்னிடம் பலம் இருக்கிறது. ஆட்டின் தவிர எதுவும் எனக்குச் சம்மதம். உன்னிடம் எது நீளமோ அதைச் சொல்." பார்ட்னர் கையில் ஒன்றுமே இல்லாவிட்டாலும் அவர் பதில் சொல்லியே ஆக வேண்டும். பாஸ் சொன்னால் எதிராளி தனக்குப் பிடித்த துருப்பில் இரட்டிப்புப் புள்ளியோடு ஆடுவார்.

தம்பி, உன் பார்ட்னர் உன்னைக் கேட்டது இதைத்தான்.

எதிராளியை நோக்கிச் சொன்ன சொல் பார்ட்னரை நோக்கித் திரும்பிவிட்டது. சவால் கேள்வியாகிவிட்டது. நம் தமிழ் ஏலத்தை எப்போதும் 'கேட்பது' என்றே சொல்லிவந்திருக்கிறது. அந்த வினைச்சொல்லுக்கு டபுள் உண்மையிலேயே பொருந்தி வந்தது அன்றைக்குத்தான்.

எல்லோரும் இதைக் கைதட்டி வரவேற்றார்களா? இல்லை. "இதென்ன ஏமாற்று? எதிராளியைத் தண்டிக்க வைத்த சொல்லைத் தங்களுக்குள் பேசிக்கொள்ளப் பயன்படுத்தலாமா? இது ரகசியக் குறி ஆகாதா?" என்று பழைய ஆட்டக்காரர்கள் முணுமுணுத்தார்கள். சொல்லுக்கு நேர்ப் பொருள் மட்டும்தான் இருக்க வேண்டும் என்பது அவர்கள் கட்சி. லண்டனின் பழம்பெரும் போர்ட்லண்ட் கிளப் இப்படிப்பட்ட குறிப்புச் சொற்களை ஒதுக்கி ஆடும் பழக்கத்தை நெடுங்காலம் கட்டிக் காத்தது.

அந்த ஆட்சேபத்தை அலட்சியம் செய்யக் கூடாது. அதில் ஒரு நியாயம் இருக்கிறது. இருவர் மட்டும் அறிந்த அர்த்தத்தில் ஒரு சொல்லைப் பயன்படுத்தினால் அது சதிதான். பிரிட்ஜ் உலகம் இதற்குக் கண்டுபிடித்த பதில் என் மனத்துக்கு மிகவும் பிடித்தது. அர்த்தத்தை மாற்றிக்கொள்ளலாம், ஆனால் மறைக்கக் கூடாது. என் பார்ட்னர் சொல்லும் டபுளுக்கு எங்களுக்குள் என்ன ஒப்பந்தம் இருக்கிறதோ அது எதிராளிக்கும் தெரிந்திருக்க வேண்டும். அவர் கேட்டால் சொல்லியே ஆக வேண்டும். போட்டிகளில் ஒவ்வொரு இணையும் தங்கள் ஒப்பந்தங்களை அட்டையில் எழுதி மேசையில் வைக்கிறார்கள். கையில் இருக்கும் சீட்டு ரகசியம், வாயிலிருந்து வரும் சொல்லின் பொருள் பொது. இந்த ஒரு விதி வந்ததும் ஆட்டத்தின் சுபாவமே மாறியது.

அடுத்த பெரிய மாற்றத்திலும் இந்தியாவுக்குப் பங்கு உண்டு. ஏல பிரிட்ஜில் குறைவாகக் கேட்டுவிட்டு நிறையப் பிடி எடுத்தாலும் எல்லாப் புள்ளியும் கிடைக்கும். ஆகவே துணிந்து மேலே கேட்க அவசியம் இல்லை. 1912இல் பூனாவில் நான்கு பேர், கேட்ட அளவுக்கு மட்டுமே கேம் புள்ளி என்று விதியை மாற்றி ஆடிப் பார்த்தார்கள். தங்கள் பெயர்களின் முதலெழுத்துகளையே ஆட்டத்துக்குப் பெயராக வைத்தார்கள். அவர்களில் ஹியூ கிளேட்டன் 1914இல் 'டைம்ஸ் ஆஃப் இந்தியா'வில் அதை விளக்கி எழுதினார். பிரான்சில் அதே கருத்து 'பிளஃபோன்' என்ற ஆட்டமாகப் பரவியது. வீட்டின் உள்கூரை என்று அர்த்தம். உன்னால் எட்ட முடிந்த கூரை வரை கேள் என்பது பெயரின் குறிப்பு. 1925 அக்டோபர் முடிந்து நவம்பர் பிறக்கும் வேளையில் ஹெரால்டு வேண்டர்பில்ட் என்ற அமெரிக்கச் செல்வந்தர் பனாமா கால்வாய் வழியாகப் போகும் 'ஃபின்லண்ட்' கப்பலில் நண்பர்களோடு புதிய புள்ளிப் பட்டியலைப் போட்டு ஆடினார். இன்று உலகம் ஆடும் 'கான்ட்ராக்ட் பிரிட்ஜ்' அதுதான். 1931 டிசம்பரில் நியூயார்க்கில் எலி கல்பர்ட்சன், சிட்னி லென்ஸ் கட்சிகளுக்கு நடந்த 150 ரப்பர் போட்டியைப் பத்திரிகைகள் குத்துச்சண்டை போல எழுதின. கல்பர்ட்சன் 8,980 புள்ளி வித்தியாசத்தில் வென்றார்.

மேலே கேட்டால்தான் லாபம் என்று ஆனபிறகு போட்டி ஏலம் சூடு பிடித்தது. ஊர் ஏலத்தில் வேண்டுமென்றே ஏற்றிவிடுபவர்களைப் பார்த்திருப்பீர்கள். பொருள் தனக்கு வேண்டாம், ஆனால் அவனுக்கு மலிவாகப் போகக் கூடாது. பிரிட்ஜில் இது கணக்கோடு செய்யப்படும். எதிராளி 'நாலு ஆட்டின்' கேட்டு நிச்சயம் எடுப்பார், அவர்களுக்கு 620 புள்ளி என்று வைத்துக்கொள்வோம். நான் 'நாலு இஸ்பேட்' கேட்டு, டபுள் வாங்கி, இரண்டு பிடி குறைந்தால் எனக்கு நஷ்டம் 300. மூன்று குறைந்தால் 500. இரண்டுமே 620ஐ விடக் குறைவு. நான்கு குறைந்தால் 800, அப்போது நான் முட்டாள். தோற்பதற்கென்றே கேட்டு, தோல்வியின் விலையைக் குறைப்பது. இதற்குத் தியாகம் என்றே பெயர். கடுப்பில் ஏற்றிவிடுபவனுக்கும் கணக்குப் போட்டு ஏற்றுபவனுக்கும் வித்தியாசம் அந்த ஒரு பிடியில் இருக்கிறது.

அந்த ஒரு பிடியை எப்படிக் கணிப்பது? ழான் ரெனே வெர்ன் என்ற பிரெஞ்சுக்காரர் ஆயிரக்கணக்கான ஆட்டங்களை ஆராய்ந்து ஒரு விதி சொன்னார். 1969இல் ஆங்கிலப் பத்திரிகையில் வந்து உலகப் புகழ் பெற்றது. நம் கட்சியிடம் நம் துருப்பில் இருக்கும் சீட்டுகளையும், எதிர்க்கட்சியிடம் அவர்கள் துருப்பில் இருக்கும் சீட்டுகளையும் கூட்டுங்கள். இரு கட்சியும் தத்தம் துருப்பில் எடுக்கக்கூடிய பிடிகளின் மொத்தம் ஏறக்குறைய அதே எண்ணாக வரும். நமக்கு ஒன்பது இஸ்பேட், அவர்களுக்கு ஒன்பது ஆட்டின் என்றால் மொத்தப் பிடி 18. அவர்கள் பத்து எடுத்தால் நாம் எட்டு. தராசின் இரண்டு தட்டுப் போல. எப்போது மேலே கேட்பது, எப்போது டபுள் போடுவது, எப்போது வாயை மூடிக்கொள்வது என்பதற்கு இது கைவிளக்கு.

டபுள் என்ற சொல்லும் வளர்ந்துகொண்டே போனது. தியோடர் லைட்னர் ஒரு பொருள் சேர்த்தார். எதிராளி பன்னிரண்டு பிடிக்குக் கேட்டுவிட்ட கடைசிக் கட்டத்தில் டபுள் போட்டால், "பார்ட்னர், வழக்கமான சீட்டை முதலில் இறக்காதே, யோசித்து வேறு வகை இறக்கு" என்று அர்த்தம். 1957இல் ஆல்வின் ராத் இன்னொன்று சேர்த்தார். என் பார்ட்னர் 'ஒரு டைமன்' கேட்கிறார், எதிராளி குறுக்கே 'ஒரு இஸ்பேட்' கேட்கிறார். என்னிடம் நான்கு ஆட்டின், சுமாரான கை. 'இரண்டு ஆட்டின்' கேட்கும் பலம் இல்லை, பாஸ் சொல்லவும் மனம் இல்லை. அங்கே டபுள்: "என்னிடம் ஆட்டின் இருக்கிறது, கை சுமார்." அந்த வருடம் அக்டோபர் 4ஆம் தேதி சோவியத் நாடு ஸ்புட்னிக்கை விண்ணில் ஏவியிருந்தது. புதுமை என்றால் அன்றைக்கு அந்தப் பெயர்தான். இந்த டபுளுக்கும் ஸ்புட்னிக் டபுள் என்றே பெயர் வைத்துவிட்டார்கள்.

ஒரே சொல்லுக்கு இத்தனை பொருள் வந்ததும் ஒரு சிக்கல் முளைத்தது. வாயால் சொல்லும் சொல்லுக்குத் தொனி உண்டு. "டபுள்!" என்று மேசையைத் தட்டிச் சொன்னால் சவால். "டபுள்..." என்று இழுத்துச் சொன்னால் கேள்வி. வகுப்பில் "சரி" என்று நான் சொல்லும் விதத்திலேயே அது சரியா, பிரம்பா என்று நீங்கள் கண்டுபிடித்துவிடுவீர்களே, அது போல. அந்தத் தொனி பிரிட்ஜில் திருட்டு. சொல்லின் பொருள் பொது என்றால் தொனி அதைக் கள்ளத்தனமாகத் திருத்தக் கூடாது. இதற்குச் சுவீடனிலிருந்து வந்த தீர்வு, ஏல அட்டைப் பெட்டி. இன்று போட்டிகளில் யாரும் வாய் திறப்பதில்லை. பச்சை அட்டை பாஸ். சிவப்பு அட்டையில் பெருக்கல் குறி, டபுள். நீல அட்டையில் இரண்டு பெருக்கல் குறி, ரீடபுள்.

அதற்கும் மேலே காவல் தேவைப்பட்டது. 1965இல் புவனஸ் அயர்ஸில் நடந்த உலகப் போட்டியில் பிரிட்டனின் புகழ்பெற்ற ஆட்டக்காரர்கள் டெரன்ஸ் ரீஸ், போரிஸ் ஷாபிரோ இருவரும் சீட்டைப் பிடிக்கும் விரல் எண்ணிக்கையால் ஆட்டின் எத்தனை என்று காட்டிக்கொண்டதாகக் குற்றச்சாட்டு எழுந்தது. உலகக் கூட்டமைப்பு குற்றம் என்றது. பிறகு லண்டனில் நடந்த தனி விசாரணை குற்றம் நிரூபணமாகவில்லை என்று விடுவித்தது. வழக்கைப் பற்றி இன்றும் இரண்டு கட்சி உண்டு. 1975 உலகக் கோப்பையில் பார்ட்னர்கள் ஒருவரை ஒருவர் பார்க்க முடியாதபடி மேசைக்குக் குறுக்கே திரை வைத்தார்கள். திரை மேலேதானே? அதே போட்டியில் மேசைக்கடியில் காலால் சைகை என்று ஒரு இணை மீது புகார் வந்தது. கீழேயும் தடுப்பு வைத்தார்கள்! மனிதப் புத்தியின் இரண்டு பக்கத்தையும் இதில் பார்க்கலாம்.

இவ்வளவு காவலோடு ஆடும் இந்த ஆட்டம் 2018இல் ஜகார்த்தாவில் முதன்முறையாக ஆசிய விளையாட்டில் இடம்பெற்றது. செப்டம்பர் 1ஆம் தேதி ஆடவர் இணைப் போட்டியில் இந்தியாவின் பிரணாப் பர்தன், ஷிப்நாத் சர்க்கார் 384 புள்ளி பெற்றுத் தங்கம் வென்றார்கள். சீன இணைக்கு 378, வெள்ளி. பர்தனுக்கு அப்போது வயது 60, சர்க்காருக்கு 56. மைத்துனரே, நம் வயதுக்காரர்கள்! அந்தப் போட்டியில் அணிப் பிரிவுகளில் இரண்டு வெண்கலமும் கிடைத்தன. 2023இல் ஹாங்சௌ போட்டியில் ஆடவர் அணி வெள்ளி வாங்கியது.

இனி மைத்துனர் கேள்விக்கு நேராக வருகிறேன். சீட்டில் அதிர்ஷ்டம் இல்லையா? உண்டு. எந்தச் சீட்டு வரும் என்பது யார் கையிலும் இல்லை. செகந்திராபாத் கிளப் ஒன்றில் ரம்மி ஆடிய வழக்கில், 1968 என்று குறிக்கப்படும் சத்தியநாராயணா தீர்ப்பில், உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகப் பேசியது. சீட்டைக் கலைத்துப் போடும் எந்த ஆட்டத்திலும் தற்செயல் இருக்கும், ரம்மியில் இருப்பது பிரிட்ஜில் இருக்கும் அளவுதான், அதனால் மட்டும் அது வெறும் அதிர்ஷ்ட ஆட்டம் ஆகிவிடாது என்றது. அதே தீர்ப்பு, ஆட்டத்தின் பந்தயத்திலிருந்து கிளப் லாபம் எடுத்தால் அது குற்றமாகலாம் என்றும் சொன்னது. இரண்டாவது பாதியை வசதியாக மறந்துவிடுபவர்கள் அதிகம்.

பிரிட்ஜ் போட்டியில் அதிர்ஷ்டத்தை ஒதுக்க ஒரு வழி வைத்திருக்கிறார்கள். ஒரே சீட்டுப் பங்கீட்டை எல்லா மேசையிலும் வெவ்வேறு இணைகள் ஆடுவார்கள். உங்களுக்கு வந்த மோசமான கை அடுத்த மேசையில் உங்களைப் போல உட்கார்ந்திருப்பவருக்கும் வரும். அதை வைத்து யார் நன்றாகச் செய்தார் என்பதுதான் மதிப்பெண். ஒரே வினாத்தாள், பல மாணவர்கள். ஒரு ஆசிரியனுக்கு இதில் குறை சொல்ல என்ன இருக்கிறது?

சூதாட்டத்தில் வீடு வாசல் போனவர்களை நம் கரையில் எல்லோரும் பார்த்திருக்கிறோம். இன்று கைப்பேசியில் ரம்மி ஆடி மாதச் சம்பளத்தை ஒரே இரவில் தொலைக்கும் பிள்ளைகளும் இருக்கிறார்கள். அவர்களிடம் "சீட்டே பாவம்" என்று சொன்னால் காதில் ஏறாது. எது கெடுக்கிறது என்று பிரித்துச் சொல்ல வேண்டும். முப்பத்திரண்டு மடங்கு ஏறிய அந்தப் பழைய டபுள் கெடுத்தது. பார்ட்னரைக் கேள்வி கேட்டு, அதன் பொருளை எதிராளிக்கும் சொல்லும் டபுள் கெடுக்கவில்லை. சீட்டுக்கட்டு இரண்டுக்கும் ஒன்றுதான். காசை எடுத்துவிட்டுப் பொருளைப் பொதுவில் வைத்தபோது, அதே சொல் யோசிக்கக் கற்றுக்கொடுத்தது. உங்கள் பிள்ளை சீட்டாடினால் என்ன ஆட்டம் என்று கேட்பதற்கு முன் எவ்வளவு பணம் என்று கேளுங்கள். "பணம் இல்லை" என்றால் பக்கத்தில் உட்கார்ந்து நீங்களும் கற்றுக்கொள்ளுங்கள்.

பெங்களூர்த் தம்பிக்கு ஒரு வார்த்தை. பார்ட்னரிடம் கோபம் வேண்டாம் என்று நான் சொன்னதாகச் சொல். ஆட உட்காருவதற்கு முன்பே "கீழ்ப் படியில் டபுள் என்றால் நமக்குள் என்ன அர்த்தம்?" என்று இருவரும் பேசி வைத்துக்கொள்ளுங்கள். பேசாமல் விட்டதுதான் அங்கே குறை, அதில் பாதி அவருடையது.

பழக்கம் விடவில்லை, ஒரு வீட்டுப்பாடம் தருகிறேன். உங்கள் வலது பக்கத்து எதிராளி 'ஒரு ஆட்டின்' கேட்டுவிட்டார். அடுத்தது நீங்கள்.

முதல் கை: இஸ்பேட் ராஜா, ராணி, 10, 5. ஆட்டின் 3. டைமன் ஏஸ், ஜாக்கி, 8, 4. கிளாவர் ராஜா, 9, 7, 2.

இரண்டாவது கை: இஸ்பேட் 6. ஆட்டின் ஏஸ், ராஜா, ஜாக்கி, 9, 6. டைமன் ராணி, 8, 4. கிளாவர் ராஜா, 7, 5, 2.

இரண்டில் எதற்கு டபுள், எதற்குப் பாஸ்? இரண்டாவதில் அவசரப்படாதீர்கள், அங்கே ஒரு பொறி இருக்கிறது. டபுள் என்றால் உங்கள் பார்ட்னர் காதில் அது எப்படி விழும் என்று யோசித்துவிட்டு எழுதுங்கள். விடையைக் கீழே காரணத்தோடு எழுத வேண்டும். காரணம் இல்லாத விடைக்கு என்னிடம் மதிப்பெண் கிடையாது என்பது உங்களுக்குத் தெரியும்.

எல்லோரும் நலமாக இருங்கள்.